தன்னியக்க நரம்பு முடிச்சுகளில் கோலினெர்ஜிக் மருந்துகள்: முடிச்சிலிருந்து உறுப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கோலினெர்ஜிக் மருந்து (அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் சேதிப்பொருளைப் போலவோ, அதைப் பெருக்கியோ வேலை செய்யும் மருந்து) என்றதும் எச்சில் ஊறும், கண்பாவை சுருங்கும், இதயம் மெதுவாகும், குடல் வேகமெடுக்கும் என்று மாணவர்கள் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார்கள். தவறில்லை. ஆனால் அதெல்லாம் மருந்து உறுப்பின் மேல் நேரடியாகச் செய்வது. அதற்கு ஒரு கட்டம் முன்னால், நரம்பு முடிச்சுக்குள் உட்கார்ந்திருக்கும் நியூரான்களின் மேலும் அதே மருந்து வேலை செய்கிறது. அங்கே கணக்கு மாறிவிடுகிறது. இதயத்தை மெதுவாக்கும் அசிட்டைல்கோலினே துடிப்பை ஏற்றவும் செய்யும். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தே அதை உயர்த்தவும் செய்யும்.

பாடப்புத்தகங்கள் இந்த இடத்தை அரைப் பக்கத்தில் தாண்டிவிடுகின்றன. முடிச்சு என்பது சேதியை அப்படியே கடத்திவிடும் வெறும் இணைப்பு என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அந்த எண்ணத்தோடு படித்தால் நிக்கோட்டினின் விளைவுகள் எதுவுமே மனதில் நிற்காது. கீழே உள்ள வரிசையில் போனால் மனப்பாடம் தேவைப்படாது. மருந்தின் பெயரைச் சொன்னால் விளைவை நீங்களே கணித்துவிடலாம்.

படி 1: வரைபடத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்

மூளைத்தண்டிலிருந்தோ தண்டுவடத்திலிருந்தோ கிளம்பும் தன்னியக்க நரம்பிழை நேராக உறுப்புக்குப் போவதில்லை. வழியில் ஒரு முடிச்சில் முடிந்து, அங்குள்ள இன்னொரு நியூரானிடம் சேதியை ஒப்படைக்கிறது. முடிச்சு வரை வருவது முன்முடிச்சு நியூரான். அங்கிருந்து உறுப்புக்குப் போவது பின்முடிச்சு நியூரான். நாம் பேசப்போவது இந்த இரண்டாவது நியூரானின் செல் உடலைப் பற்றி.

தன்னியக்க நரம்புகளில் இரண்டு அணிகள் உண்டு: உடலை அவசரத்துக்குத் தயார்செய்யும் பரிவு, ஓய்வையும் செரிமானத்தையும் கவனிக்கும் எதிர்ப்பரிவு. பரிவு நரம்பு மண்டலத்தின் முடிச்சுகள் முதுகெலும்பின் இரு பக்கமும் சங்கிலியாகவும், வயிற்றில் பெருந்தமனிக்கு முன்னால் சீலியாக், மீசென்டெரிக் முடிச்சுகளாகவும் இருக்கின்றன. எதிர்ப்பரிவு முடிச்சுகளில் நான்கு தலைப்பகுதியில் இருக்கின்றன: சிலியரி, டெரிகோபாலட்டைன், சப்மான்டிபுலர், ஓடிக். மற்றவை பெரும்பாலும் இதயம், குடல், சிறுநீர்ப்பை என்று அந்தந்த உறுப்பின் மேலோ சுவருக்குள்ளோ இருக்கின்றன.

இடம் எதுவானாலும், பரிவு ஆனாலும் எதிர்ப்பரிவு ஆனாலும், முன்முடிச்சு நியூரான் வெளியிடுவது அசிட்டைல்கோலின்தான். அட்ரினல் மெடுல்லாவையும் இந்தப் படத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் குரோமாஃபின் செல்கள் நரம்பிழை இல்லாத பின்முடிச்சு நியூரான்கள் மாதிரிதான். அசிட்டைல்கோலின் பட்டால் அட்ரினலினை நேரே ரத்தத்தில் விட்டுவிடும்.

இதன் பலன் என்ன? ரத்தத்தில் கலந்த ஒரு மருந்து முடிச்சு ஏற்பியை, அதாவது அசிட்டைல்கோலின் வந்து அமரும் புரதத்தை, தூண்டினால், பரிவு, எதிர்ப்பரிவு, அட்ரினல் மெடுல்லா மூன்றையும் ஒரே நேரத்தில் தூண்டும். அடைத்தாலும் மூன்றையும் அடைக்கும். ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும் முடிச்சு மருந்து நம் கையில் இல்லை.

இந்த வரைபடமே ஒரு மருந்தால் கிடைத்ததுதான். 1889-ல் கேம்பிரிட்ஜில் லாங்லியும் டிக்கின்சனும் விலங்கின் கழுத்திலுள்ள மேல் கழுத்து முடிச்சின் மேல் நிக்கோட்டினைத் தடவினார்கள். அதன் பிறகு முடிச்சுக்கு முன்னால் உள்ள நரம்பைத் தூண்டினால் கண்பாவை விரியவில்லை. முடிச்சைத் தாண்டிய இழையைத் தூண்டினால் விரிந்தது. நரம்பிழை செத்துப்போகவில்லை, முடிச்சுக்குள் நடக்கும் கைமாற்றம்தான் நின்றுபோயிருக்கிறது என்பது தெளிவானது. பிறகு ஒவ்வொரு முடிச்சாக நிக்கோட்டின் தடவி, எந்த இழை எங்கே நின்று போகிறது, எது நிற்காமல் கடந்து போகிறது என்று லாங்லி கண்டறிந்தார்.

முடிச்சில் வெளிவருவது அசிட்டைல்கோலின்தான் என்பதற்கு நேரடிச் சான்று 1934-ல் வந்தது. ஃபெல்ட்பர்க்கும் காடமும் பூனையின் மேல் கழுத்து முடிச்சுக்குள் திரவத்தைச் செலுத்தி, முன்முடிச்சு நரம்பைத் தூண்டி, வெளியே வந்த திரவத்தைச் சோதித்தார்கள். அசிட்டைல்கோலின் நொடியில் சிதைந்துவிடும் என்பதால், கோலினெஸ்டரேஸ் நொதியை அடக்கும் எசரினைத் திரவத்தில் கலந்திருந்தார்கள். வெளிவந்ததை அடையாளம் காண உதவிய கருவிகளில் ஒன்று அட்டையின் முதுகுத் தசை. எசரின் ஊட்டிய அந்தத் தசைத் துண்டு, மிக மிகக் குறைந்த அசிட்டைல்கோலினுக்கும் சுருங்கிக் காட்டிவிடும்.

படி 2: செல்லின் மேல் எந்தெந்த ஏற்பிகள் என்று பாருங்கள்

பின்முடிச்சு நியூரானின் மேல் முதன்மையானது நிக்கோட்டினிக் ஏற்பி. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று, நடுவில் அயனி போகும் ஒரு துளை. முடிச்சு வகையில் பெரும்பாலும் ஆல்ஃபா-3, பீட்டா-4 துண்டுகள் இருக்கும். சிலவற்றில் ஆல்ஃபா-5, பீட்டா-2 கலந்திருக்கும். எலும்புத் தசையில் உள்ள நிக்கோட்டினிக் ஏற்பியின் துண்டுகள் வேறு. அதனால்தான் தசையை முடக்கும் மருந்தும் முடிச்சை முடக்கும் மருந்தும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. பேட்டனும் எலினார் ஸைமிஸும் 1948 வாக்கில் இதை மிக அழகாகக் காட்டினார்கள்: இரண்டு நைட்ரஜன் முனைகளுக்கு நடுவே 6 கார்பன் இருந்தால் (ஹெக்சாமெத்தோனியம்) முடிச்சு அடைபடும், 10 கார்பன் இருந்தால் (டெக்காமெத்தோனியம்) தசை முடங்கும்.

அடுத்தது மஸ்கரினிக் ஏற்பிகள், அதாவது மஸ்கரின் என்ற காளான் நஞ்சுக்கும் இணங்கும் அசிட்டைல்கோலின் ஏற்பிகள். எம்1, எம்2, எம்3 என்பவை இவற்றின் வகைகள். மஸ்கரினிக் என்றால் உறுப்பில் மட்டும் என்று நினைப்பவர்கள் தடுமாறும் இடம் இது. முடிச்சு நியூரான்களிலும் எம்1 வகை இருக்கிறது. சில முடிச்சுகளில் எம்2-ம் உண்டு.

படி 3: செல்லுக்குள் நடக்கும் மின்மாற்றத்தை வரிசையாகப் பாருங்கள்

ஓய்வில் இருக்கும் நியூரானின் உட்புறம் சுமார் மைனஸ் 60 மில்லிவோல்ட். முன்முடிச்சு முனை அசிட்டைல்கோலினை விட்டதும் நிக்கோட்டினிக் துளை திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. ஒன்றிரண்டு மில்லிநொடியில் மின்முனைப்பு நீங்கத் தொடங்கும், அதாவது உட்புறத்தின் மைனஸ் அளவு குறையும். சில பத்து மில்லிநொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். இதுதான் விரைவுத் தூண்டல் மின்னழுத்தம். இது ஒரு வரம்பைத் தாண்டினால் செயல்நிலை மின்னழுத்தம் பிறந்து உறுப்பு வரை ஓடும். முடிச்சில் சேதி கடப்பது முதன்மையாக இதனால்தான். இதை அடைத்தால் முடிச்சு அடைபட்டது என்று பொருள்.

அதன் பிறகும் கதை தொடர்கிறது. சில முடிச்சுகளில் மெதுவான ஒரு தடை அலை வரும். எம்2 ஏற்பியோ, அருகிலுள்ள சிறு செல்கள் விடும் கேட்டகோலமின்களோ (அட்ரினலின் இனப் பொருள்கள்) இதற்குக் காரணம். பிறகு எம்1 ஏற்பியால் மெதுவான தூண்டல் அலை எழுந்து பல நொடிகள் நீடிக்கும். கடைசியாக, பெப்டைடுகளால் வரும் பின்தங்கிய அலை நிமிடக்கணக்கில் நீளும்.

இதில் எம்1 அலையிடம் கொஞ்சம் நின்று பார்ப்போம். 1980-ல் பிரௌனும் ஆடம்ஸும் தவளையின் பரிவு நியூரான்களில் ஒரு பொட்டாசியம் மின்னோட்டத்தைக் கண்டார்கள். மஸ்கரின் பட்டால் அது அடங்கிவிடுவதால் அதற்கு எம்-மின்னோட்டம் என்று பெயர். நியூரான் லேசாகக் கிளர்ந்தாலே இந்தப் பொட்டாசியம் வழி திறந்து, அதைப் பழைய நிலைக்கு இழுத்துவிடும். காலால் அழுத்தி வைத்திருக்கும் பிரேக் மாதிரி. அதனால் ஒரு நீண்ட தூண்டலைக் கொடுத்தாலும் செல் ஒரு தடவையோ இரண்டு தடவையோ சுடும் (செயல்நிலை மின்னழுத்தத்தை எழுப்பும்), பிறகு அமைதியாகிவிடும்.

அசிட்டைல்கோலின் எம்1 ஏற்பியைப் பிடித்ததும் ஜிக்யூ புரதம் வழியாக ஃபாஸ்ஃபோலிப்பேஸ்-சி என்ற நொதி இயங்கி, சவ்விலுள்ள பிப்-2 என்ற கொழுப்பைச் சிதைக்கிறது. எம்-மின்னோட்டத்தின் கால்வாய் திறந்திருக்க இந்தக் கொழுப்பு தேவை. அது குறைந்ததும் கால்வாய் மூடிக்கொள்கிறது. இப்போது அதே தூண்டலுக்குச் செல் வரிசையாகச் சுட்டுத் தள்ளும். ஓய்வு மின்னழுத்தம் பெரிதாக மாறியிருக்காது. செல் எவ்வளவு எளிதில் கிளர்கிறது என்பதுதான் மாறியிருக்கும். முடிச்சு வெறும் கடத்தி இல்லை, வந்த சேதியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்று நான் அழுத்திச் சொல்வது இதை வைத்துத்தான்.

படி 4: மருந்து எந்த ஏற்பியைத் தொடுகிறது, எப்படித் தொடுகிறது

மருந்தின் பெயரைக் கேட்டதும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அசிட்டைல்கோலினும் கார்பகாலும் நிக்கோட்டினிக், மஸ்கரினிக் இரண்டையும் தொடும். பெத்தனிகால் பெரும்பாலும் மஸ்கரினிக் மட்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சிறுநீர் போகாதவருக்குப் பெத்தனிகாலைக் கொடுத்தார்கள், கார்பகாலைக் கண்சொட்டோடு நிறுத்திக்கொண்டார்கள் என்றால், முடிச்சைத் தொடும் குணம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நிக்கோட்டின், லோபெலின், டிஎம்பிபி ஆகியவை நிக்கோட்டினிக் ஏற்பியைத் தூண்டுபவை. மெக்என்-ஏ-343 என்ற ஆய்வுக்கூடப் பொருள் முடிச்சின் எம்1 ஏற்பியைத் தூண்டும். விலங்குக்குக் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும். ஹெக்சாமெத்தோனியம் அதைத் தடுக்காது, மஸ்கரினிக் ஏற்பிகளை அடைக்கும் அட்ரோபின் தடுத்துவிடும். மஸ்கரினிக் மருந்து ஒன்று அழுத்தத்தை ஏற்றுகிறது என்பது முதன்முறை கேட்கும்போது நம்ப முடியாததாக இருக்கும். படி 3-ஐத் திரும்பப் படித்தால் சரியாகிவிடும்.

நியோஸ்டிக்மின், பைசோஸ்டிக்மின், ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துகள் ஆகியவை மறைமுக வகை. ஏற்பியைத் தொட்டுத் தூண்டாமல், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அடக்குகின்றன. அதனால் இவற்றின் விளைவு, நரம்பில் சேதி எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்தது. கடைசிப் படியில் இது பெரிதாகக் கைகொடுக்கும்.

அடைப்பவற்றில் ஹெக்சாமெத்தோனியம் பெரும்பாலும் திறந்த துளைக்குள்ளேயே போய் மாட்டிக்கொள்கிறது. டிரைமெத்தாஃபன் அசிட்டைல்கோலின் அமரும் இடத்துக்கே போட்டியிடுகிறது. மெக்கமிலமின் மின்னூட்டம் குறைந்த அமீன் என்பதால் வாய்வழி நன்றாக உறிஞ்சப்படும், மூளைக்குள்ளும் போகும். ஹெக்சாமெத்தோனியம் நிரந்தர மின்னூட்டம் கொண்டது, குடலிலிருந்து ஒழுங்காக ஏறாது.

படி 5: அளவையும் நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்

நிக்கோட்டின் முடிச்சைத் தூண்டுமா, அடைக்குமா? இரண்டும் சரி. குறைந்த அளவில் தூண்டும். அதிக அளவில் முதலில் தூண்டி, பிறகு அடைக்கும்.

அசிட்டைல்கோலினை நொதி உடனே சிதைத்துவிடும். நிக்கோட்டினை அந்த நொதி தொடாது. அதனால் ஏற்பி பிடிபட்டபடியே இருக்கும், மின்முனைப்பு நீங்கிய நிலையிலேயே சவ்வு நிற்கும். அடுத்த துடிப்புக்குச் சோடியம் கால்வாய்கள் தயாராக வேண்டுமானால் சவ்வு பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாததால் செல் சுடாது. இது அடைப்பின் முதல் கட்டம். கொஞ்ச நேரம் போனால் சவ்வு மெல்லத் தன் ஓய்வு நிலைக்கு வந்துவிடும். ஆனால் ஏற்பி உணர்விழந்து மூடிக் கிடக்கும். இப்போது செல்லை நேரடியாக மின்சாரத்தால் தூண்டினால் சுடும், அசிட்டைல்கோலின் கொடுத்தால் சுடாது. இது இரண்டாம் கட்டம்.

பழக்கமில்லாத ஒருவர் வெற்றிலையோடு புகையிலையைச் சேர்த்துப் போட்டுவிட்டால் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். வாயெல்லாம் எச்சில், நெற்றியில் குளிர்ந்த வியர்வை, முகம் வெளிறுகிறது, நெஞ்சு படபடக்கிறது, தலை கிறுகிறுத்துக் குமட்டல் வருகிறது. எச்சில் எதிர்ப்பரிவு முடிச்சின் வேலை. வியர்வையும் வெளிறலும் பரிவு முடிச்சின் வேலை. படபடப்பில் பரிவு முடிச்சோடு அட்ரினல் மெடுல்லாவும் சேர்கிறது. குமட்டலுக்கு மூளைத்தண்டின் வாந்தித் தூண்டல் பகுதியும் முக்கியக் காரணம், எல்லாப் பழியையும் முடிச்சின் மேல் போட முடியாது. இரண்டு எதிரணிகளும் ஒரே நேரத்தில் கிளம்பியிருக்கின்றன என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: அந்த உறுப்பில் யார் கை ஓங்கியிருக்கிறது

முடிச்சு மருந்துகளில் தவறு அதிகம் நடப்பது இங்கேதான். முடிச்சை முழுதாக அடைத்துவிட்டால் இரண்டு அணிகளும் சேர்ந்து மௌனமாகின்றன. அப்போது உறுப்பு எந்தப் பக்கம் சாயும்? வழக்கமாக எந்த அணி அந்த உறுப்பை ஆண்டுகொண்டிருந்ததோ, அதற்கு எதிர்ப்பக்கம்.

ரத்தக்குழாய்களைப் பரிவு நரம்புகள் ஆள்கின்றன. அடைத்தால் தமனிகளும் சிரைகளும் தளரும். எழுந்து நின்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். வியர்வையும் பரிவின் ஆட்சி, அதனால் தோல் காய்ந்துபோகும். மற்ற உறுப்புகளில் எதிர்ப்பரிவின் கை ஓங்கியிருக்கும்: ஓய்விலிருக்கும் இதயம் வேகமெடுக்கும், கண்பாவை விரியும், அருகில் உள்ளவை மங்கலாகத் தெரியும், வாய் உலரும், மலச்சிக்கல் வரும், சிறுநீர் தங்கும். ஆண்மைக் குறைவும் வரும், அதில் இரண்டு அணிகளுக்கும் பங்கு உண்டு.

இந்தப் பட்டியல் எவ்வளவு கொடுமையானது என்று பாருங்கள். இருந்தும் 1950-களின் தொடக்கத்தில் ஹெக்சாமெத்தோனியத்தை மருத்துவர்கள் விரும்பிக் கொடுத்தார்கள். அதற்கு முன் வீரியமிக்க உயர் ரத்த அழுத்தம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோனார்கள். அந்த அழுத்தத்தை உண்மையிலேயே இறக்கிக் காட்டிய முதல் மருந்துகளில் இது ஒன்று. தாங்கிக்கொள்ளக்கூடிய மருந்துகள் வந்ததும் இது ஒதுங்கியது. 2001-ல் அமெரிக்காவில் ஓர் ஆஸ்துமா ஆய்வுக்காக ஹெக்சாமெத்தோனியத்தை மூச்சில் இழுத்த நலமான தன்னார்வலர் ஒருவர் நுரையீரல் பாதிப்பால் இறந்தார். பழைய மருந்துதானே என்று அலட்சியமாக எடுக்கக் கூடாத பொருள் இது.

படி 7: ரத்த அழுத்த வரைபடத்தில் சரிபாருங்கள்

இதுவரை படித்ததைச் சோதிக்க 1914-ல் உடலியங்கியல் அறிஞர் ஹென்றி டேல் காட்டிய பரிசோதனையைவிடச் சிறந்தது இல்லை. இப்போது கல்லூரிகளில் விலங்குக்குப் பதில் கணினியில் செய்கிறார்கள். புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்பார்ம் போன்ற மென்பொருள்கள் இதற்கு உதவுகின்றன.

மயக்க மருந்து கொடுத்த விலங்குக்குச் சிறிதளவு அசிட்டைல்கோலின் ஏற்றினால் அழுத்தம் விழும். ரத்தக்குழாயின் உட்சவ்விலுள்ள எம்3 ஏற்பி நைட்ரிக் ஆக்சைடை விடுவித்துக் குழாயைத் தளர்த்துகிறது. இங்கே முடிச்சுக்கு வேலை இல்லை. இப்போது அட்ரோபின் கொடுங்கள். அதே அசிட்டைல்கோலின் இனி ஒன்றும் செய்யாது. அடுத்து அளவைப் பல மடங்கு கூட்டுங்கள். கோடு விழுவதற்குப் பதில் ஏறும், இதயமும் வேகமெடுக்கும்.

ஏன்? மஸ்கரினிக் கதவுகள் பூட்டியிருக்கின்றன. அதிக அளவு அசிட்டைல்கோலின் பரிவு முடிச்சுகளையும் அட்ரினல் மெடுல்லாவையும் நிக்கோட்டினிக் ஏற்பி வழியாகக் கிளப்பிவிட்டது. எதிர்ப்பரிவு முடிச்சும் கிளம்பியிருக்கும். ஆனால் அதன் சேதி இதயத்தில் எம்2 ஏற்பியில் போய் முடிய வேண்டும், அதை அட்ரோபின் அடைத்துவிட்டது. சரிபார்க்க ஹெக்சாமெத்தோனியம் கொடுங்கள்: ஏற்றம் மறைந்துவிடும். வாய்மொழித் தேர்வில் அட்ரோபினுக்குப் பிறகு ஏன் ஏறுகிறது என்று கேட்டால், முடிச்சு, அட்ரினல் இரண்டையும் சொல்லுங்கள்; ஒன்றைச் சொன்னால் பாதி விடைதான்.

படி 8: நோயாளியின் படுக்கையருகே

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அவசரப் பிரிவில் வேலை செய்பவர்களுக்குப் பூச்சிமருந்து குடித்து வருபவர்கள் பழக்கமானவர்கள். ஆர்கனோபாஸ்பரஸ் என்றால் ஊசிமுனைக் கண்பாவை, மெதுவான நாடி, வாயில் நுரை என்றுதான் எதிர்பார்ப்போம். சிலர் வேகமான நாடியோடும், ஏறிய அழுத்தத்தோடும், அபூர்வமாக விரிந்த கண்பாவையோடும் வருவார்கள். பரிவு முடிச்சுகளில் அசிட்டைல்கோலின் குவிந்ததன் விளைவு அது. நாடி வேகமாக இருக்கிறதே என்று நச்சைச் சந்தேகிக்காமல் விடுவதும், அட்ரோபினைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. நுரையீரலில் நீர்ச் சத்தம் இருந்தால் வேகமான நாடி அட்ரோபினுக்குத் தடையில்லை. அதே சமயம் முடிச்சின் நிக்கோட்டினிக் விளைவையோ, தசை பலவீனத்தையோ அட்ரோபின் சரிசெய்யாது. மூச்சுத்தசை தளர்ந்தால் செயற்கைச் சுவாசம்தான் காப்பாற்றும்.

எதிர்முனையில், முடிச்சு ஏற்பியின் மேலேயே உடல் தாக்குதல் நடத்தும் ஒரு நோய் இருக்கிறது. முடிச்சின் ஆல்ஃபா-3 ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் சில நோயாளிகளின் ரத்தத்தில் இருப்பதை 2000-ல் வெர்னினோவும் குழுவினரும் வெளியிட்டார்கள். நின்றால் மயக்கம், உலர்ந்த வாய், வியர்வையின்மை, வெளிச்சத்துக்குச் சுருங்காத கண்பாவை, அசையாத குடல் என்று படி 6-ன் பட்டியல் அப்படியே ஒரு மனிதரில் நிற்கும்.

நின்றால் அழுத்தம் விழும் நோயாளிகளுக்குப் பிரிடோஸ்டிக்மின் கொடுப்பது படி 4-ன் நேரடிப் பயன். மற்ற அழுத்தம் ஏற்றும் மருந்துகள் படுத்திருக்கும்போதும் அழுத்தத்தை ஏற்றிவிடும், இரவில் அது தொல்லை. பிரிடோஸ்டிக்மின் நொதியை மட்டும் அடக்குகிறது. படுத்திருக்கும்போது பரிவு நரம்பில் சேதி குறைவு, காப்பாற்றி வைக்க அசிட்டைல்கோலினும் குறைவு. எழுந்து நின்றதும் கழுத்துத் தமனியின் அழுத்த உணர்விகள் சேதியைக் கூட்டுகின்றன, முடிச்சில் அசிட்டைல்கோலின் பெருகுகிறது, மருந்தின் பலன் அப்போதுதான் தெரிகிறது. ஏற்றம் மிதமானதுதான். நரம்பில் கொஞ்சமாவது சேதி வரும் நோயாளிக்குத்தான் உதவும். முன்முடிச்சு நியூரான்களே அழிந்துவிட்டவருக்கு எதிர்பார்க்க முடியாது. குடலிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் உள்ள அசிட்டைல்கோலினையும் இது சேர்த்தே பெருக்குவதால் வயிற்றுப் பிடிப்பும் அடிக்கடி மலம் போவதும் வரும். குறைந்த அளவில் தொடங்கி, நோயாளி தாங்குவதைப் பார்த்து மெல்லக் கூட்டுவார்கள்.